தொட்டி நீர்மட்டம், ஒயர் இல்லாமல்: என்ஆர்எஃப்24 மாட்யூலும் இரண்டு பென்சில் செல்லும்

நூறு ரூபாய் சுற்றில் கிடைக்கும் என்ஆர்எஃப்24எல்01+ ரேடியோ மாட்யூலைப் பற்றிக் காதில் விழும் புகார் பெரும்பாலும் ஒன்றேதான்: மேசைமேல் ஓடுகிறது, அடுத்த அறைக்குக் கொண்டுபோனால் நின்றுவிடுகிறது. நார்வேயின் நார்டிக் செமிகண்டக்டர் வடிவமைத்த இந்தச் சிப் அவ்வளவு மோசமானதில்லை. கிளறிப் பார்த்தால் 3.3 வோல்ட் லைனில் கோளாறு இருக்கும், இல்லையென்றால் மாட்யூலை வைத்த இடம் தப்பாக இருக்கும். இரண்டையும் சரிசெய்துவிட்டால், மொட்டைமாடியிலிருந்து கீழ்த்தளத்துக்குத் தகவல் அனுப்ப நீட்டு ஏரியல் வைத்த பெரிய மாட்யூல் தேவைப்படாது.

இங்கே செய்வது, மாடியிலுள்ள சின்டெக்ஸ் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கீழே மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் நான்கு விளக்குகளில் காட்டும் கருவி. மேலே இரண்டு டபுள்-ஏ பென்சில் செல்லில் ஓடும் அனுப்பி. கீழே பழைய போன் சார்ஜரில் ஓடும் பெறுவி. மோட்டாரைத் தானாக ஓட்டும் வேலையை இதில் சேர்க்கவில்லை. அதற்குத் தண்ணீரில்லாமல் மோட்டார் ஓடாதபடி காக்கும் ட்ரை-ரன் பாதுகாப்பு, கான்டாக்டர், 230 வோல்ட் சமாசாரம் என்று தனிக் கணக்கு வேண்டும்.

மாட்யூல் தேர்வு

மலிவு என்று பார்த்தால் 433 மெகாஹெர்ட்ஸ் ஏஎஸ்கே (அலையின் வலிமையை மாற்றித் தகவல் அனுப்பும் முறை) ஜோடிதான் முதலில் வரும். ஆனால் அது ஒருவழிப் பாதை. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பிக்குத் தெரியவே தெரியாது. மலிவுப் பெறுவி, சிக்னல் இல்லாத நேரத்தில் இரைச்சலையே தகவலாகக் கொட்டும். அதிலிருந்து உண்மையான பாக்கெட்டை, அதாவது ஒரே வீச்சில் வரும் தகவல் பொட்டலத்தை, பிரிக்கும் வேலை நம் தலையில். எச்சி-12 மாட்யூல் சீரியல் ஒயர் மாதிரியே நடந்துகொள்ளும், தூரமும் போகும். ஆனால் அதன் சேனல்கள் 433.4 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 473 வரை போகின்றன. இந்தியாவில் அந்தப் பகுதியில் உரிமம் இல்லாமல் விட்டிருப்பது 433 முதல் 434 வரைதான், அதுவும் குறைந்த திறனுக்கு. முதல் இரண்டு சேனலைத் தாண்டினால் எல்லைக்கு வெளியே போய்விடுவோம். குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் பேசும் லோரா வேண்டுமானால் 865–867 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எஸ்எக்ஸ்1276 வகை நல்லது. தோட்டத்துக் கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே அரை கிலோமீட்டர் இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். இருபதடி உயரத்துக்கு அது தேவையில்லை. வைஃபை சிப்பான ஈஎஸ்பி8266 விழித்து எழும் நேரத்துக்குள் என்ஆர்எஃப்24 தன் வேலையை முடித்துத் தூங்கியே போயிருக்கும்.

இந்தச் சிப்பின் கணக்கு இப்படி: 0 டிபிஎம்மில் (சிக்னல் திறனின் அளவு; 0 என்பது ஒரு மில்லிவாட்) அனுப்பும்போது 11.3 மில்லிஆம்பியர், 250 கேபிபிஎஸ் (நொடிக்கு 250 ஆயிரம் பிட்) வேகத்தில் கேட்கும்போது 12.6 மில்லிஆம்பியர், பவர்-டவுன் என்ற ஆழ்ந்த தூக்கத்தில் 0.9 மைக்ரோஆம்பியர். 1.9 முதல் 3.6 வோல்ட் வரை வேலை செய்யும். ஒரு பாக்கெட்டில் 32 பைட் வரை. ஒப்புகை (கிடைத்தது என்று எதிர்முனை அனுப்பும் பதில்) வாங்குவது, வராவிட்டால் திரும்ப அனுப்புவது எல்லாவற்றையும் சிப்பே பார்த்துக்கொள்ளும். நம் நிரலுக்குக் கடைசியில் "போனது", "போகவில்லை" என்ற பதில் மட்டும் வரும்.

வாங்கும்போது பெயரின் கடைசியில் உள்ள கூட்டல் குறியைப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாத பழைய சிப்பில் 250 கேபிபிஎஸ் கிடையாது, இந்த வேலைக்கு வேண்டியதே அந்த வேகம்தான். நார்டிக் பெயரைப் பொறித்துக்கொண்டு வரும் நகல் சிப்புகளும் சந்தையில் ஏராளம். பெரும்பாலானவை வேலை செய்யும், தூக்க மின்னோட்டத்தை மட்டும் அளந்து பார்க்காமல் நம்பக் கூடாது. ஒரு முனையில் அசல், மறுமுனையில் நகல் என்று கலந்துவிட்டால், பாக்கெட் நீளம் மாறும் டைனமிக் பேலோடு வசதியில் ஒப்புகை தகராறு செய்யும். பேலோடை, அதாவது பாக்கெட்டிலுள்ள நம் தகவலை, 8 பைட் என்று நிலையாக வைத்துவிட்டால் அந்தத் தொல்லை வராது. இரண்டு முனைக்கும் ஒரே கடையில் ஒரே லாட்டில் வாங்குவது இன்னும் நல்லது.

மாடிப் பெட்டிக்கான பொருட்கள்

3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோ ப்ரோ மினி (நிரல் ஏற்றி ஓட்டும் சிறு போர்டு) ஒன்று. போர்டிலேயே ஏரியல் பொறித்த சிறிய என்ஆர்எஃப்24எல்01+ ஒன்று. 10 மைக்ரோஃபேரட் செராமிக் கேப்பாசிட்டர் ஒன்று, 0.1 மைக்ரோஃபேரட் ஒன்று. இரண்டு செல் பிடிக்கும் ஹோல்டர். எம்10 மரையுள்ள பாலிப்ரொப்பிலீன் மிதவை சுவிட்ச் நான்கு. அவற்றைத் தாங்க முக்கால் இன்ச் பிவிசி குழாய், தொட்டி உயரத்துக்கு. வெளிப்புறத்துக்கான கறுப்பு நெட்வொர்க் கேபிள் இரண்டு மீட்டர். எட்டு ஒயரில் ஐந்துதான் தேவை. மழை புகாத பிளாஸ்டிக் ஜங்ஷன் பெட்டி, கேபிள் கிளாண்ட் ஒன்று.

கீழே: ஆர்டுயினோ நானோ, இன்னொரு மாட்யூல், அதைச் செருகும் ஏஎம்எஸ்1117 அடாப்டர் போர்டு, பச்சை எல்ஈடி நான்கு, சிவப்பு ஒன்று, ஐந்துக்கும் 470 ஓம் ரெசிஸ்டர், பஸர், அதை ஓட்ட பிசி547 டிரான்சிஸ்டர், அதன் பேஸுக்கு 1 கிலோஓம்.

அல்ட்ராசோனிக் சென்சார் ஏன் இல்லை என்று கேட்பார்கள். எச்சி-எஸ்ஆர்04 5 வோல்ட் கேட்கும், தொட்டிக்குள் படியும் ஈரத்தில் சீக்கிரம் வீணாகும். தண்ணீர் புகாத வகையோ முதல் இருபது சென்டிமீட்டர் சுற்றில் எதையும் பார்க்காது. தொட்டி நிரம்பி வழியும் இடமே அதுதான். காந்தம் நெருங்கினால் இயங்கும் ரீட் சுவிட்ச் வைத்த மிதவைக்கு மின்சாரமும் வேண்டாம், கண்ணும் வேண்டாம்.

3.3 வோல்ட் லைன்

மாட்யூல் கேட்கும் மின்னோட்டம் குறைவுதான். ஆனால் கேட்கும் விதம் ஒரே சீராக இருக்காது. தூக்கத்தில் ஒரு மைக்ரோஆம்பியர், மறுநொடி பத்து மில்லிஆம்பியருக்கு மேல், அரை மில்லிநொடியில் மறுபடி கீழே. நீளமான ஜம்பர் ஒயர், தளர்ந்த பிரெட்போர்டு, வலுவில்லாத ரெகுலேட்டர் ஆகியவை சேர்ந்தால் அந்தக் கணத்தில் வோல்டேஜ் சரியும். மல்டிமீட்டர் அதைக் காட்டாது; அது 3.3 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். வெளியே தெரிவது, நூறு பாக்கெட்டில் சில போகின்றன, சில போகவில்லை என்பது மட்டும்.

அதனால் கேப்பாசிட்டரை மாட்யூலின் விசிசி, கிரவுண்ட் பின்களின் மேலேயே சோல்டர் செய்யுங்கள். போர்டின் மறுகோடியில் வைத்தால் பாதிப் பலன்தான். பெறும் பக்கத்தில் 47 மைக்ரோஃபேரட் எலக்ட்ரோலைட்டிக் போட்டாலும் தப்பில்லை. மாடிப் பெட்டியில் வேண்டாம். மலிவான எலக்ட்ரோலைட்டிக்கின் கசிவே சில மைக்ரோஆம்பியர் இருக்கலாம், இங்கே மொத்தத் தூக்கச் செலவே ஐந்தாறுதான்.

நானோவின் 3.3 வோல்ட் பின்னை நம்பி மாட்யூலைத் தொங்கவிடாதீர்கள். அந்த வோல்டேஜ் யூஎஸ்பி சிப்பின் உள்ளேயிருந்து வருவது, சில பத்து மில்லிஆம்பியருக்கு மேல் தாங்காது. ஏஎம்எஸ்1117 அடாப்டர் போர்டு 5 வோல்ட்டை வாங்கி 3.3 ஆக்கித் தரும். ஆனால் அந்த ரெகுலேட்டர் சும்மா இருக்கவே 5 மில்லிஆம்பியர் சாப்பிடும். செல்லில் ஓடும் பக்கத்தில் அதை வைத்தால் பதினைந்து, இருபது நாளில் செல் காலி.

நானோவின் 5 வோல்ட் சிக்னல்கள் மாட்யூலின் உள்ளீட்டுப் பின்களுக்கு நேராகப் போகலாம். 5.25 வோல்ட் வரை அவை தாங்கும். அப்போது சிப்புக்குக் கொடுக்கும் விசிசி வோல்டேஜ் 2.7க்கும் 3.3க்கும் நடுவே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விசிசி பின்னுக்கு 5 வோல்ட் போனால் மட்டும் மாட்யூல் தப்பாது. இந்த விபத்து பெரும்பாலும் ப்ரோ மினியில்தான் நடக்கும்: நிரல் ஏற்றும் யூஎஸ்பி-சீரியல் போர்டின் ஜம்பர் 5 வோல்ட்டில் இருந்தால், அது ப்ரோ மினியின் விசிசி வழியாக நேரே ரேடியோவுக்குப் போய்விடும். ஏற்றுவதற்கு முன் ஜம்பர் 3.3இல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைப்பும் முதல் சோதனையும்

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி: எஸ்சிகே 13, மிசோ 12, மோசி 11, சிஎஸ்என் 10, சிஈ 9. ஐஆர்க்யூ பின்னை விட்டுவிடலாம். எட்டுப் பின் தலைப்பில் சதுரமான ஈயத்திட்டு உள்ளதுதான் கிரவுண்ட், அதற்கு அடுத்து விசிசி. சில நகல் போர்டுகளில் சதுரம் இருக்காது. அப்போது கிரிஸ்டல் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்து, மீட்டரில் தொடர்ச்சியும் சோதித்துவிட்டு இணைக்கவும்.

ஆர்எஃப்24 லைப்ரரியை ஏற்றி, முதலில் சிப் பதில் சொல்கிறதா என்று மட்டும் பாருங்கள். விவரங்களை அச்சிடும் செயல்பாட்டில் எல்லா ரெஜிஸ்டரும் பூஜ்யம் என்றோ எல்லாம் 255 என்றோ வந்தால் ஒயரிங்கில் தப்பு; பெரும்பாலும் மிசோவும் மோசியும் இடம் மாறியிருக்கும். எழுதிய முகவரி அப்படியே திரும்ப வந்தால் எஸ்பிஐ (போர்டும் சிப்பும் பேசிக்கொள்ளும் ஒயர் இணைப்பு) சரி. அதற்கு அப்புறம்தான் ரேடியோவைச் சந்தேகப்பட வேண்டும்.

அமைப்புகள்: வேகம் 250 கேபிபிஎஸ், 16 பிட் சிஆர்சி (தகவல் சிதைந்ததா என்று பார்க்கும் சோதனை எண்), நிலையான 8 பைட் பேலோடு, மறுமுயற்சி 15 முறை, இடைவெளி 1500 மைக்ரோநொடி. லைப்ரரியில் இடைவெளிக்கு 5 என்று கொடுத்தால் அந்த 1500 வரும். 250 கேபிபிஎஸ்ஸில் இது 500க்குக் கீழே போனால், ஒப்புகை வந்து சேர்வதற்குள் அனுப்பி பொறுமையிழந்து அடுத்த முயற்சிக்குப் போய்விடும்.

வேகத்தைக் குறைப்பதால் என்ன லாபம்? 2 எம்பிபிஎஸ்ஸில் சிப்பின் உணர்திறன் மைனஸ் 82 டிபிஎம். 250 கேபிபிஎஸ்ஸில் மைனஸ் 94. இந்தப் 12 டெசிபல் திறந்தவெளியில் நான்கு மடங்கு தூரத்துக்குச் சமம், செலவு எதுவும் இல்லாமல். எட்டு பைட் பாக்கெட் முகவரி, சிஆர்சி எல்லாம் சேர்த்து 137 பிட். 250 கேபிபிஎஸ்ஸில்கூட அரை மில்லிநொடியில் போய்விடும்.

முகவரியாக எல்லாம் பூஜ்யம், அல்லது 01 01 என்று மாறி மாறி வரும் பிட்டுகளை வைக்காதீர்கள். பாக்கெட்டின் தொடக்கத்தில் வரும் முன்குறியோடும் இரைச்சலோடும் சிப் அவற்றைக் குழப்பிக்கொள்ளும். ஐந்து பைட்டும் தாறுமாறாக இருப்பது நல்லது.

சேனல்

வைஃபை தொல்லை வராமலிருக்கச் சேனலை 100க்கு மேல் வையுங்கள் என்று இணையத்தில் பலர் சொல்வார்கள். வைஃபை அங்கே இல்லை என்பது உண்மைதான், அங்கே இருக்க நமக்கும் அனுமதியில்லை என்பதும் உண்மை. சேனல் எண்ணை 2400உடன் கூட்டினால் மெகாஹெர்ட்ஸ் வரும். உரிமம் வேண்டாத பட்டை 2483.5இல் முடிந்துவிடுகிறது. சிப் 2525 வரை போகும் என்பதற்காக நாமும் போக முடியாது. சேனல் 92 என்று வைத்தால், நம் நாட்டு நாவிக் செயற்கைக்கோள்களின் எஸ் பேண்ட் சிக்னலான 2492.028 மெகாஹெர்ட்ஸின் தலைமேலேயே உட்காருகிறோம்.

83க்குள்ளேயே இடம் தேடலாம். வைஃபையின் 11ஆம் சேனல் 2473 வாக்கில் முடியும். புளூடூத் லோ எனர்ஜியின் விளம்பரச் சேனல்கள் 2402, 2426, 2480. ஆகவே 76 அல்லது 78 பொதுவாகக் காலி. லைப்ரரி இயல்பாக வைத்திருப்பதும் 76தான். வீட்டு ரூட்டர் 12, 13ஆம் சேனலில் இருந்தால் அதை 1க்கோ 6க்கோ மாற்றிவிடுங்கள். லைப்ரரியோடு வரும் ஸ்கேனர் எடுத்துக்காட்டை மாலை எட்டு மணிக்கு, அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் வேலையாக இருக்கும் நேரத்தில், ஓடவிட்டுப் பார்த்தால் எது காலி என்று தெரியும்.

மிதவைகள்: ஒன்றை மட்டும் தலைகீழாக

குழாயில் 10 மில்லிமீட்டர் துளைகளைத் தொட்டியின் 20, 45, 70, 95 சதவீத உயரங்களில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மிதவை. நான்கு சுவிட்சின் ஒரு முனையும் சேர்ந்து பொது ஒயராகக் கிரவுண்டுக்கு. மறுமுனைகள் கீழிருந்து மேலாக 3, 4, 5, 6ஆம் பின்களுக்கு.

இந்த மிதவையைத் தண்டிலிருந்து கழற்றித் திருப்பிப் போட்டால் சுவிட்சின் நடத்தை மாறிவிடும். மேல் மூன்றையும் தண்ணீர் வந்தால் திறக்கும்படி வையுங்கள். அடியில் உள்ளதை மட்டும் தண்ணீர் வந்தால் மூடும்படி. காரணம் இருக்கிறது. பொது ஒயர் அறுந்தால் நான்குமே திறந்ததாகத் தெரியும். அதற்கு அர்த்தம்: மேல் மூன்றிலும் தண்ணீர், அடியில் தண்ணீர் இல்லை. அப்படி ஒரு தொட்டி உலகத்தில் கிடையாது, ஆகவே நிரல் உடனே பழுது என்று அறிந்துகொள்ளும். நான்கையும் ஒரே திசையில் வைத்திருந்தால், அறுந்த ஒயர் "தொட்டி காலி" என்றோ "தொட்டி நிறைவு" என்றோ பொய் சொல்லியிருக்கும். முதல் பொய்யில் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் வழியும், இரண்டாவதில் குளிக்கும்போது குழாய் வறளும். நான்கு பிட்டில் வரக்கூடிய பதினாறு சேர்க்கைகளில் ஐந்துதான் நியாயமானவை. மிச்சம் பதினொன்றுக்கும் சிவப்பு விளக்கு.

மின்சாரத்திலும் ஒரு பொறி உண்டு. ப்ரோ மினியின் உள் புல்-அப் (பின்னை மேல் வோல்டேஜுக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) 20 முதல் 50 கிலோஓம் வரை இருக்கும். மூடிய சுவிட்ச் ஒன்றின் வழியாக 3 வோல்ட்டில் அது நூறு மைக்ரோஆம்பியர் வாக்கில் கசியும். தொட்டி காலியாகக் கிடக்கும் நாளில் மூன்று சுவிட்ச் மூடியிருக்கும். தூக்கச் செலவு நாற்பது, ஐம்பது மடங்காக ஏறிவிடும். எனவே படிக்கும்போது மட்டும் புல்-அப் போட்டு, 50 மைக்ரோநொடி பொறுத்து, நான்கையும் படித்து, உடனே அந்தப் பின்களை வெளியீடாக்கிக் கீழே இழுத்துவிடுங்கள்.

மோட்டார் ஓடும்போது தொட்டியில் அலை அடிக்கும், மிதவை ஆடும். அடுத்தடுத்த இரண்டு படிப்பு ஒன்றாக இருந்தால்தான் மாற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

தூக்கம்

வாட்ச்டாக் டைமர் அதிகபட்சம் 8 நொடிக்கு ஒருமுறை எழுப்பும். ஒவ்வொரு தடவையும் மிதவையைப் படி. மாற்றம் உறுதியானால் உடனே அனுப்பு. மாற்றமே இல்லையென்றாலும் 38ஆவது விழிப்பில், அதாவது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, "இருக்கிறேன்" என்று ஒரு பாக்கெட். மற்ற விழிப்புகளில் ரேடியோவை எழுப்பவே வேண்டியதில்லை.

பாக்கெட்டின் எட்டு பைட்: கருவி எண் 1, வரிசை எண் 2, மிதவைப் பிட்டுகள் 1, பேட்டரி மில்லிவோல்ட் 2, கடந்த முறைக்குப் பின் தோற்ற அனுப்பல்கள் 1, முந்தைய பாக்கெட்டுக்கு ஆன மறுமுயற்சிகள் 1. பெறுவியைப் பின்னாளில் ஈஎஸ்பி32க்கு மாற்றும் எண்ணம் இருந்தால், ஸ்ட்ரக்சரை இடைவெளி விடாமல் அடுக்கும்படி கம்பைலருக்குச் சொல்லிவிடுங்கள். ப்ரோ மினியிலுள்ள 8 பிட் ஏவிஆர் சிப் இடைவெளி விடாது, 32 பிட் சிப் விடும், அப்போது பேட்டரி அளவு கன்னாபின்னாவென்று வரும்.

அனுப்பல் தோற்றால் வெற்றி கிடைக்கும் வரை சுழலும் நிரல் எழுதவே கூடாது. கீழே கரண்ட் போனால் பெறுவி அணைந்துவிடும். மேலே உள்ளது விடாமல் கூவிக்கொண்டிருந்தால் பதினாறு மில்லிஆம்பியர் வாக்கில் ஓடி, ஐந்தாறு நாளில் செல் தீர்ந்துவிடும். பதினைந்து மறுமுயற்சியும் தோற்க 35 மில்லிநொடிதான் ஆகும். தோற்றால் எண்ணிக்கையை ஒன்று கூட்டிவிட்டுத் தூங்கட்டும், அடுத்த ஐந்து நிமிடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ப்ரோ மினியில் இரண்டு அறுவைச் சிகிச்சை தேவை. பவர் எல்ஈடியின் ரெசிஸ்டரைக் கழற்றுங்கள். ரா பின் அருகில் இருக்கும் ஐந்து கால் ரெகுலேட்டரையும் நீக்குங்கள். ஐந்து காலிலும் தாராளமாக ஈயம் வைத்து மொத்தமாக உருக்கினால் தானே நழுவி வரும். செல்லை ராவில் கொடுக்காமல் விசிசியில் நேராகக் கொடுக்க வேண்டும்.

பிறகு பிரவுன்-அவுட் ஃபியூஸ், அதாவது எந்த வோல்டேஜுக்குக் கீழே சிப் ரீசெட் ஆக வேண்டும் என்று சிப்புக்குள் எழுதும் அமைப்பு. ப்ரோ மினி வரும்போதே 2.7 வோல்ட்டில் தன்னை ரீசெட் செய்துகொள்ளும்படி அமைத்திருக்கும். இரண்டு ஆல்கலைன் செல் அந்த அளவைத் தொடும்போது அவற்றில் கணிசமான சரக்கு மிச்சம் இருக்கும். யூஎஸ்பிஏஎஸ்பி என்ற நிரலேற்றி அல்லது இன்னொரு ஆர்டுயினோ வழியாக அதை 1.8 வோல்ட்டுக்கு இறக்கலாம். 8 மெகாஹெர்ட்ஸில் சிப் 2.4 வோல்ட் வரை நம்பகமாக ஓடும், ஆகவே 2.5இல் பேட்டரி எச்சரிக்கை அனுப்பினால் போதும். வோல்டேஜ் அளக்கத் தனி ரெசிஸ்டர் வேண்டாம். உள்ளிருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸை ஏடிசியில் (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி) படித்து, 1125300ஐ அந்த எண்ணால் வகுத்தால் மில்லிவோல்ட். அந்த ரெஃபரன்ஸ் சிப்புக்குச் சிப் பத்து சதவீதம் வரை மாறும் என்பதால் மீட்டரோடு ஒருமுறை ஒப்பிட்டு எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள்.

தூக்க மின்னோட்டத்தை அளப்பதில் ஒரு சிக்கல். சாதாரண மஞ்சள் மீட்டரின் 2000 மைக்ரோஆம்பியர் அளவில் உள்ளே 100 ஓம் இருக்கும். ரேடியோ அனுப்பத் தொடங்கியதும் அதில் ஒன்றரை வோல்ட் விழுந்து, கருவி ரீசெட் ஆகி, மறுபடி அனுப்பி, மறுபடி ரீசெட் ஆகும். மீட்டர் ஊசலாடுவதைப் பார்த்து மாட்யூல் போய்விட்டது என்று முடிவுகட்டுவார்கள். மீட்டரின் இரு முனையையும் ஒரு துண்டு ஒயரால் குறுக்கி வைத்து, கருவி தூங்கிய பின் ஒயரை எடுத்தால் அளவு நிற்கும்.

வரும் எண்ணே எங்கே ஒழுகுகிறது என்று சொல்லிவிடும். ஒரு மில்லிஆம்பியருக்கு மேல் என்றால் எல்ஈடி இன்னும் எரிகிறது. இருநூறு சொச்சம் மைக்ரோஆம்பியர் என்றால் ஏடிசியை அணைக்க மறந்தாயிற்று. முப்பது வாக்கில் நின்றால் ரேடியோ பவர்-டவுனுக்குப் போகாமல் ஸ்டாண்ட்பையில் கிடக்கிறது (அதற்கு மட்டும் 26), அல்லது தூக்கத்திலும் பிரவுன்-அவுட் விழித்திருக்கிறது. ஐந்து, ஆறு என்று காட்டினால் எல்லாம் சரி. விழிப்புகளையும் அனுப்பலையும் சேர்த்துச் சராசரி பத்து மைக்ரோஆம்பியர் என்றே வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 90 மில்லிஆம்பியர்-மணிக்குள் அடங்கும். நல்ல ஆல்கலைன் செல்லில் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கிறது. காகிதக் கணக்கில் இருபது வருடம் வரும்; நிஜத்தில் மாடி வெயிலில் செல் அதற்கு வெகு முன்னாலேயே கசிந்துவிடும். மூன்று கோடைக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

மாடியில் பொருத்துவது

தண்ணீர் 2.4 கிகாஹெர்ட்ஸை நன்றாகவே விழுங்கும். பெட்டியைத் தொட்டியின் பின்புறம் வைத்தால் வினோதமான பழுது ஒன்று வரும்: தொட்டி காலியாக இருக்கும்போது சிக்னல் வரும், நிரம்பியதும் காணாமல் போகும். பகலில் சரி, காலையில் மோட்டார் ஓடி முடிந்ததும் தப்பு என்ற மாதிரி தெரிவதால் வெயில், ஈரம், மோட்டார் இரைச்சல் என்று எதையெதையோ சந்தேகிக்கத் தோன்றும். பெட்டிக்கும் பெறுவிக்கும் நடுவே தொட்டி வராத பக்கத்தில், தொட்டியிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள்.

அடுத்து கான்கிரீட். தளத்துக்குள் கம்பி வலையே இருக்கிறது. சிக்னல் தளத்தைத் துளைத்து வருவதைவிட மாடிப்படி வழியாக இறங்கி வருவது சுலபம். மாடிப்படி அறைக் கதவு பக்கமாகப் பெட்டியை நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். கதவு இரும்புத் தகடாக இருந்தால் மூடி வைத்துச் சோதியுங்கள், திறந்து வைத்து அல்ல.

பெட்டிக்குள் மாட்யூலின் ஏரியல் முனையைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் செல், ஒயர், திருகு எதுவும் வரக் கூடாது. செல்லுக்கு மேலேயே மாட்யூலை ஒட்டிவைப்பதுதான் அதிகம் பார்க்கும் தப்பு. பெட்டி வெள்ளை நிறம், நிழல் பக்கம், கேபிள் துளை கீழ்ப்பக்கம். ஹாட் குளூ மாடி வெயிலில் இளகும், போர்டைத் திருகாலோ ஸ்டாண்ட்-ஆஃபாலோ பிடியுங்கள்.

இந்தச் சிப் சிக்னல் வலிமையை எண்ணாகச் சொல்லாது. மைனஸ் 64 டிபிஎம்முக்கு மேலே ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று ஒரே ஒரு பிட் மட்டும் தரும். அதனால் இடம் பார்க்க வேறு வழி: அனுப்பும் திறனை வேண்டுமென்றே மைனஸ் 12 டிபிஎம்முக்குக் குறைத்து, நொடிக்கு ஒரு பாக்கெட் அனுப்பச் செய்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மறுமுயற்சி ஆனது என்பதைப் பெறுவியில் அச்சிடுங்கள். அந்த நிலையிலேயே மூன்றுக்குள் நின்றால் அதுதான் இடம். பிறகு திறனை 0 டிபிஎம்முக்கு ஏற்றினால் 12 டெசிபல் கையிருப்பாக நிற்கும். மழையில் நனைந்த சுவரும், பக்கத்து வீட்டுப் புது ரூட்டரும் அதற்குள் அடங்கிவிடும். முழுத் திறனில் சோதித்து, கஷ்டப்பட்டு வந்துசேரும் இடத்தில் பொருத்தினால் முதல் மழையிலேயே நிற்கும்.

இடமே கிடைக்கவில்லை என்றால்தான் ஏரியல் வைத்த, பவர் ஆம்ப்ளிஃபையர் சேர்ந்த மாட்யூல். அது அனுப்பும்போது 115 மில்லிஆம்பியர் வாக்கில் இழுக்கும். ஓரளவு தீர்ந்த செல் அதைத் தாங்காது. மேசையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து முழுத் திறனில் சோதித்தால் பெறுவி திணறி எதுவுமே வராது. திறனைக் குறைத்து, சில மீட்டர் தள்ளிச் சோதிக்கவும். பெறும் பக்கத்தில் மட்டும் அதை வைப்பது பாதித் தீர்வு: கேட்கும் திறன் கூடும், அதன் ஒப்புகையும் உரக்கப் போகும், மாடிச் செல்லுக்கும் செலவில்லை.

கீழே உள்ள பெட்டி

பெறுவி எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும். பாக்கெட் வந்தால் விளக்குகளை மாற்றும். 16 நிமிடம் எதுவும் வராவிட்டால் பச்சை விளக்குகளை அணைத்துச் சிவப்பை மெதுவாகச் சிமிட்ட வேண்டும். இதை விட்டுவிட்டால், மேலே செல் தீர்ந்த நாளிலும் கீழே "தொட்டி நிறைவு" என்று பச்சை எரிந்துகொண்டே இருக்கும். நியாயமில்லாத மிதவைச் சேர்க்கைக்குச் சிவப்பு வேகமாகச் சிமிட்டட்டும். பேட்டரி 2.5க்குக் கீழே போனால் நிலையாக எரியட்டும். நான்காவது மிதவை தொட்டதும் பஸர் பத்து நொடி. மோட்டாரை அணைக்க அது போதும்.

ஒப்புகை வந்தது என்றால் எதிர்ப்பக்க ரேடியோ சிப் வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். நானோவின் நிரல் உறைந்துபோனாலும், சிப்பின் வரிசையில் மூன்று பாக்கெட் நிரம்பும் வரை ஒப்புகை போய்க்கொண்டுதான் இருக்கும். நிரல் உறைந்தால் ரீசெட் செய்யும்படி நானோவிலும் வாட்ச்டாக்கை 8 நொடிக்கு வைத்துவிடுங்கள். பழைய பூட்லோடர் (நம் நிரலை ஏற்றித் தொடங்கிவைக்கும் சிறு நிரல்) உள்ள நானோவில் வாட்ச்டாக் ரீசெட் முடிவில்லாமல் சுழலும்; ஆப்டிபூட் என்ற வேறு பூட்லோடரை ஏற்றிவிட்டால் அது தீரும்.

கீழ்நிலைத் தொட்டிக்கும் சேர்த்து இன்னொரு அனுப்பி வைக்க வேண்டுமென்றால், பெறுவி ஆறு பைப் (தனித்தனி முகவரியுள்ள கேட்கும் வழி) வரை கேட்கும். பைப் 1 முதல் 5 வரை முகவரியில் ஒரே ஒரு பைட்தான் வேறுபட முடியும், மற்ற நான்கும் பொது. லைப்ரரியில் முகவரியை எழுத்துத் தொடராகக் கொடுத்தால் மாற வேண்டியது அதன் முதல் எழுத்து. கடைசி எழுத்தை மாற்றினால் பெறுவியில் இரண்டு பைப்புக்கும் ஒரே முகவரி ஆகிவிடும், இரண்டாவது அனுப்பியின் பாக்கெட் வந்து சேராது. இரண்டு அனுப்பியும் ஒரே கணத்தில் விழித்து முட்டிக்கொள்ளாமலிருக்க, ஒன்றுக்கு மறுமுயற்சி இடைவெளி 5, மற்றதற்கு 8 என்று வைத்தால் போதும்.